வலது பொத்தானில் ஒரு பிளாஸ்திரி

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்கள் அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் குடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் உரியவர்களிடம் ஒப்படைத்த குடைகளை விரித்துப் போட்டால் நிலையம் முழுவதற்கும் கூரை வேயலாம். மிச்சத்தில் மேலாளர் வீட்டு மாடிக்கும் பந்தல் போடலாம். குடை மட்டுமா? பல்செட்டு, ஊன்றுகோல், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை. அவரையும் மாமனார் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போனார்.

இத்தனை பொருளுக்கும் பட்டியல் ஒரு கிழட்டுக் கணினிக்குள் இருந்தது. காலையில் அதை முடுக்கிவிட்டால், அவள் அறையைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து முடிந்து, முதல் பேருந்தும் போய்த் திரும்பிய பிறகுதான் அது கண் விழிக்கும். அதன் மவுஸில் வலது பொத்தான் மேல் இரண்டடுக்குப் பிளாஸ்திரி. எட்டு வருடத்துக்கு முன், மாற்று ஆளாக வந்தவர் வலது பொத்தானை அமுக்கி, வந்த மெனுவில் எதையோ தட்டி, ஒரு மாதக் குடைகளை மொத்தமாக அழித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் யாரும் விரல் வைக்கக் கூடாது என்பது குடையக்கா போட்ட சட்டம்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் ஒரு தாளோடு வந்தார். அதைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிவைத்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இயந்திரம் ஓடவில்லை, அறை மூடப்படுகிறதுன்னு போட்டிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பழைய இரும்பு வண்டி வருது. உங்களுக்கு டிக்கெட் கவுண்டர்."

"ஜனங்க தேடி வந்தா?"

"இந்தக் காலத்துல யாரு தேடி வர்றா? புதுசு வாங்கிக்குவாங்க."

"ஓடலைன்னுதானே மூடறீங்க. ஓடிச்சுன்னா?"

"இதுவா! ஓடட்டும், இந்தத் தாளை மென்னு முழுங்கறேன்."

"சரி சார். அதை எழுதிக் கொடுத்துடுங்க. இந்த அறையில எதுக்கும் பதிவு உண்டு."

மேலாளர் சிரித்துக்கொண்டே தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். குடையக்கா அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய நாத்தனார் மறுநாள் பென்டிரைவோடு வந்தாள். முதலில் பட்டியலைப் பத்திரமாக நகலெடுத்தாள். பிறகு பழையதையெல்லாம் துடைத்துவிட்டு, வெறும் எழுத்து மட்டும் தெரியும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, பட்டியலையும் திரும்ப உள்ளே வைத்தாள்.

"அண்ணி, இதுக்கு மேல பெரிய டெஸ்க்டாப்பைத் தூக்கி வெச்சா இந்தக் கிழவி இடுப்பு ஒடிஞ்சிரும். ஓப்பன்பாக்ஸ்னு, அதாவது தொறந்த பெட்டின்னு, ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. அலங்காரமே கிடையாது, ஆனா பறக்கும். அதை ஏத்தறதுக்கு நான் எழுதித் தர்ற இந்தத் தாள்ல இருக்கற வரிகளை அப்படியே அடிங்க."

"ஏண்டி, நடுவுல ஓடற?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு டாக்டர் மாட்டியிருக்காரு!"

இரண்டு நாள் குடையக்கா ஒற்றை விரலால் அடித்தாள். கணினி தப்பு தப்பு என்றது. அவள் போடா என்றாள். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கடைசி வரியை அடித்தாள். திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மாறியது. சாம்பல் நிறம். நடுவில் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

மேலாளர் வாசலில் நின்றார். "என்னம்மா, வெறும் சுவரால்ல இருக்கு?"

குடையக்கா அவரைச் சட்டை செய்யாமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "பெட்டியைத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லைடி!"

"ஒண்ணும் இல்லைன்னா சரியா வந்திருச்சுன்னு அர்த்தம் அண்ணி. வெத்து இடத்துல வலது கிளிக் பண்ணுங்க."

"வலதா? அதுக்குத்தான் நானே பூட்டுப் போட்டு வெச்சிருக்கேனே!"

வெளியே பழைய இரும்பு வண்டி ஹாரன் அடித்தது. குடையக்கா கொண்டை ஊசியை உருவி, எட்டு வருடப் பிளாஸ்திரியைத் தோலுரித்தாள். பொத்தான் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி வெளுத்திருந்தது. அமுக்கினாள். அம்புக்குறியின் அடியிலிருந்து மெனு பொலபொலவென்று இறங்கியது. இன்னொரு தட்டு, பத்தொன்பது வருடப் பட்டியல் மேலாளர் வாய் மூடுவதற்குள் விரிந்துவிட்டது.

"இது... ஏதோ ஒண்ணு தொறந்திருக்கு. வேலை செய்யுதுன்னு எப்படி நம்பறது?"

"தேடிப் பாத்துடலாம் சார்." அவள் மேலாளர் பெயரையே அடித்தாள். ஒரே ஒரு வரி வந்தது. மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டிலிருந்து ஒரு கறுப்புக் கூட்டை எடுத்து வைத்தாள். "மூக்குக்கண்ணாடி. மூணு வருஷம் முன்னாடி, பதினாலாம் நம்பர் வண்டி, கடைசி சீட்டு. கூட்டுக்குள்ள உங்க பேரு இருக்கு. மூணு தடவை கடிதம் அனுப்பினேன். நீங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டு எனக்கே திருப்பி அனுப்பினீங்க."

மேலாளர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார், புதுசு வாங்கிக்கலையா?"

குடையக்கா பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை முதலில் வாங்கினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, செவ்வாய்க்கிழமைத் தாளைப் பின்பக்கம் திருப்பி அவர் முன் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிங்க சார். வண்டிக்காரரை நான் அனுப்பிட்டு வந்துடறேன்."