மேனேஜரைத் தனியா எடு

தம்பியின் மீன் தொட்டி அக்கா வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்கு எதிரே இருந்தது. தம்பி சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும், "அக்கா, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, மீனென்றாலே மூக்கைச் சுளிக்கும் அக்கா தண்ணீர் மாற்றினாள், தீனி போட்டாள், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டினாள்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு ஆல்டரேஷன் கடையில் வேலை. கால் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அவள் மடித்துத் தைத்த பேண்ட்டை யாரும் திருப்பிக் கொண்டுவந்து குறை சொன்னதில்லை. வாடிக்கையாளரின் காலடியில் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும், "என் தம்பி கப்பல்ல இருக்கான். அவன் கை படாம அந்தக் கப்பல்ல ஒரு பல்ப் எரியாது" என்று சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தீனி போடும்போதுதான் கவனித்தாள். மேனேஜரின் விலாப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. மேனேஜர் என்பது உள்ளங்கை நீளமுள்ள ஒரு நீல மீன். நூல் போன்ற இரண்டு மீசையை நீட்டி, மற்ற மீன்களையெல்லாம் தொட்டுத் தொட்டு விசாரித்துக்கொண்டு திரியும். அதனால் தம்பி வைத்த பெயர். அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது.

நல்லவேளை, கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது. போன் கிடைத்தது.

"வெள்ளைன்னா எப்படிக்கா? புள்ளி புள்ளியாவா, தோல் உரிஞ்ச மாதிரியா?"

"வெள்ளைன்னா வெள்ளைடா. ஒரு இடத்துல நின்னாத்தானே பார்த்துச் சொல்ல?"

"உப்பைத் தூவின மாதிரி இருந்தா அது நோய். இன்னைக்கே மருந்து ஊத்தணும், இல்லைன்னா தொட்டியே காலி. உரிஞ்சதுன்னா மருந்து பக்கமே போகக் கூடாது. அடியில கிடக்கிற குட்டி மீனுங்க அந்த மருந்தைத் தாங்காது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தெளிவா இருக்கணும். சாயங்காலம் கப்பல் கிளம்பிடும், அப்புறம் சிக்னலே கிடைக்காது."

வீடியோ கால் போட்டுப் பார்த்தாள். தம்பியின் முகமே கட்டம் கட்டமாகத்தான் வந்தது. சரி, ஒரு போட்டோதானே, இதென்ன பெரிய வித்தை என்று போனை நீட்டி அமுக்கினாள். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது. படத்தில் மீன் இல்லை, தொட்டி இல்லை, நட்ட நடுவில் ஒரு சூரியன் மட்டும் இருந்தது. ஃப்ளாஷை எப்படி அணைப்பது என்று கண்டுபிடிப்பதற்குள் அவள் உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த படத்தில் கண்ணாடி மின்னியது. அதற்குள் டியூப் லைட்டும், தலை வாராத அவளும், பின்னால் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் அழகாக விழுந்திருந்தார்கள்.

"அக்கா, மாமா நல்லா இருக்காரு. மீன் எங்க?" என்று பதில் வந்தது.

அதற்கடுத்த படத்தில் நீல மையைக் கொட்டி விரலால் இழுத்துவிட்டது போல ஒரு கோடு. அதற்கடுத்ததில் கண்ணாடியில் காய்ந்திருந்த தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது, மீனைத்தான் காணவில்லை.

தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டான். "ரூம் லைட்டை அணை. ஜன்னலை மூடு. தொட்டி லைட் மட்டும் எரியட்டும். போனைக் கண்ணாடியோட ஒட்டி நேரா வை, சாய்ச்சா மீனும் கோணிக்கும்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று முனகியபடி, ஜன்னலில் மாட்ட கனத்த துணி தேடி அக்கா உள்ளே போனாள். போன் மேஜையில் கிடந்தது. அடுத்த மெசேஜ் வந்ததும் வீட்டுக்காரர் எடுத்துக் கேட்டார்.

"மத்ததெல்லாம் குறுக்க வருதுக்கா. மேனேஜரை மட்டும் தனியா எடு."

காலையிலிருந்து மனைவி படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நாமும் ஒரு கை கொடுப்போமே என்று எழுந்தார்.

அக்கா போர்வையோடு திரும்பி வந்தபோது அவர் முழங்கை வரை நனைந்திருந்தார். ஒரு கையில் மீன் வலை. மேஜைமேல் சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் மேனேஜர்.

"எடுத்தாச்சு" என்றார் பெருமையாக.

"என்னத்தை?"

"உன் தம்பிதானே தனியா எடுக்கச் சொன்னான்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கிண்ணத்தில் மேலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரிந்தது, விலா தெரியவில்லை. பயத்தில் மேனேஜரின் நீலம் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. அலுங்காமல் கிண்ணத்தோடு தொட்டிக்குள் இறக்கினாள். விட்ட வேகத்தில் அது ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நடந்ததைச் சொன்னதும் தம்பி போனிலேயே கத்தினான். "படத்தை எடுன்னா மீனை எடுத்திருக்கீங்களே, மாமா!"

"எடுன்னா எடுக்கத்தான்பா செய்வாங்க. பிடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பிடின்னு சொல்லியிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க?"

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் வலையைப் போட்டுத்தான் பிடிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் வெளியே வர மறுத்தது. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நம்பி விட்டுப்போன தொட்டியை நாறடித்துவிட்டோம் என்ற பெயர் மட்டும்தான் இனி பாக்கி என்று நினைத்தபோது, மீனின் மேலும் கப்பலின் மேலும் போனைக் கண்டுபிடித்தவன் மேலும் சேர்ந்தாற்போல் எரிச்சல் வந்தது.

அறையை இருட்டாக்கிய பிறகும் போனைப் பிடித்த கையும் வளையலும் கண்ணாடியில் நிழலாடின. யோசித்துவிட்டுக் கறுப்பு லைனிங் துணியில் ஒரு முழம் வெட்டினாள். அதில் கேமரா கண் அளவுக்கு ஓட்டை குறித்துக்கொண்டு, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து, சட்டைப் பொத்தானுக்குத் தைப்பது போலச் சுற்றிலும் காஜா தைக்க உட்கார்ந்தாள்.

"ஒரு போட்டோவுக்குக் காஜாவா? கத்தரிக்கோலால ஒரு ஓட்டை போட்டா ஆகாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"பிசிறு வரும். படத்துல விழும். நீங்க கொஞ்ச நேரம் எதையும் எடுக்காம உட்காருங்க, அது போதும்."

துணியைத் தொட்டியின் முன்பக்கம் தொங்கவிட்டு, காஜாவுக்குள் கேமரா கண்ணை வைத்து, தரையில் மண்டியிட்டாள். மீனைத் துரத்தினால் ஆகாது என்று இதற்குள் புரிந்திருந்தது. ஒரு செடியின் இலையைத் தேர்ந்தெடுத்து, திரையில் அந்த இலையைத் தொட்டுத் தெளிவாக்கி வைத்துக்கொண்டாள். அந்த இடத்துக்கு நேர்மேலே வீட்டுக்காரரை ஒரு சிட்டிகை தீனி தூவச் சொன்னாள். முதலில் வந்தது ஒரு ஆரஞ்சு மீன். ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் குறுக்கே வந்து, பின்பக்கத்தைக் காட்டி நின்றது.

"நகருடி, உன்னை யாரு கூப்பிட்டது? கல்யாண வீட்டுல போட்டோகிராபர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி வந்து நிப்பாளே, அந்த மாதிரி!"

முழங்கால் மரத்துப்போனது. கடைசியில் பசி பொறுக்காமல் மேனேஜர் வந்தது. மீசையை நீட்டி இலையைத் தடவிப் பார்த்தது. மேலே போவதற்கு முன் ஒரு கணம் பக்கவாட்டில் நின்றது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. வரிசையாக விழுந்த படங்களில் ஒன்று கச்சிதமாக வந்திருந்தது. அனுப்பினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு போன் அடித்தது.

"அக்கா! இது நீ எடுத்ததா?"

"பின்னே, மேனேஜர் தானே எடுத்துக்கிச்சா?"

"செதில் செதிலா எண்ணலாம் போல இருக்கே! நோய் இல்லக்கா. உரசல்தான். மருந்து வேண்டாம், தானா ஆறிடும்."

அக்கா தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது.

"இரு, இரு. பின்னால அது என்ன? பெரிய கல்லு ஏன் நட்டுக்கிட்டு நிக்குது?"

"கோணலா விழுந்து கிடந்துச்சு. தொட்டி கழுவுறப்போ நிமிர்த்தி, கண்ணாடிக்கு நேரா வச்சேன்."

"விழுந்து கிடக்கலக்கா, நான்தான் படுக்க வச்சிருந்தேன்! இப்போ கூர் பக்கம் வெளிய வந்திடுச்சு. சந்துல பூந்து போறப்பல்லாம் உரசியிருக்கு."

"கோணலா கிடந்தா பார்க்க நல்லாவாடா இருக்கு?"

"மேனேஜருக்கு நல்லா இருந்துச்சு. பழையபடி போடு. அக்கா, கூப்பிடுறாங்க, நான் போறேன். போட்டோ சூப்பர்!" லைன் போய்விட்டது.

அக்கா கையை விட்டுக் கல்லைச் சாய்த்தாள். அது தொட்டியின் நீளத்துக்கு ஒழுங்காக, அளவெடுத்தது போலப் படுத்தது. கூர் இன்னும் வெளியேதான். திருப்பினாள். அப்போதும் நேராகவே வந்தது. எப்படிப் போட்டாலும் அவள் கை கடைசியில் ஒரு தட்டுத் தட்டி அதைச் சரிசெய்துவிட்டது.

"தள்ளும்மா" என்று வீட்டுக்காரர் கையை விட்டார். கல்லைத் தூக்கினார், போட்டார். அது ஒரு பக்கம் அமுங்கி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கூர் மணலுக்குள் புதைய, எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடந்தது. மேனேஜர் வந்து மீசையால் தொட்டு விசாரித்துவிட்டு, எதிலும் படாமல் அந்தப் பக்கம் போனது.

"உன் கைக்கு இது வராது" என்றார் அவர்.

கல் கிடந்த கிடப்பைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டிக்குள் கை போய்விடாமல் இரண்டு கையையும் இறுக்கக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு தையல் மெஷினை இழுத்துத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.