திரையைப் பார்க்காத அக்கா

அலுவலகத்தில் அவளுக்கு 'நொட்டை' என்று பெயர். எதை நீட்டினாலும் நொட்டை சொல்கிறவள் என்று யாரோ கிளப்பிவிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் மறுத்ததில்லை. கடைப் பலகையில் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் அவளால் சாமான் வாங்க முடியாது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவளை எழுத்துமென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று கூப்பிட்டு உட்காரவைத்தது. ஜனங்கள் தப்பும் தவறுமாக அடிப்பதை மென்பொருள் தானாகவே திருத்தும். எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை.

அவளுக்கு நாதி என்று இருந்தது அக்கா ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கிறுக்கித் தரும் மருந்துச் சீட்டுகளைக் கணினியில் அடித்து ஏற்றுகிறவள். தங்கையை ஆளாக்கியது அந்த விரல்கள்தான்.

அந்த அக்காவை இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு நோயாளியின் சீட்டில் டாக்டர் எழுதிய மருந்து ஒன்று, கணினியில் ஏறியிருந்த மருந்து வேறொன்று. ஊசி போடப்போன நர்ஸ் சந்தேகப்பட்டுக் கேட்டதால் உயிர் பிழைத்தது. இன்று மதியம் விசாரணை. காலையில் போனில் பேசிய அக்காவின் குரலில் உயிரே இல்லை.

"எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சுடி. கை தப்பியிருக்கு, எனக்குத் தெரியல. தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுத்துடப் போறேன்."

அவசரப்படாதே என்று சொல்லிவிட்டு நொட்டை கணினியைத் திறந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஓடுவது அவர்களுடைய மென்பொருள்தான். அது செய்த திருத்தங்களின் பட்டியலில், அக்கா சொல்லியிருந்த இரண்டு மருந்துகளின் பெயர்களையும் தேடினாள். இருந்தது. அபூர்வமாக எழுதப்படும் மருந்தின் பெயரைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, அடிக்கடி எழுதப்படும் மருந்தின் பெயராக மென்பொருள் மாற்றிக்கொண்டிருந்தது. அதுவும் மாதக்கணக்காக.

இது எப்படி யார் கண்ணிலும் படாமல் தப்பியது? மென்பொருளுக்குக் கொடுத்திருந்த விதி அப்படி. பிடிக்காத திருத்தத்தை ஆட்கள் உடனே ரத்து செய்துவிடுவார்கள். ரத்து செய்யாமல் விட்டால் அது சரியான திருத்தம், அதையே இன்னும் துணிந்து செய்யலாம். இந்த விதியைக் கொண்டுவந்தது வேறு யாருமல்ல, நொட்டைதான். நல்ல யோசனை என்று அன்றைக்கு எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

மற்ற இடங்களில் எல்லாம் ஆட்கள் எரிச்சலோடு எதையாவது ரத்து செய்துகொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரித் தட்டச்சர்கள் மட்டும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு சாதுக்களா என்று யோசித்தபோதுதான் அக்கா தட்டச்சு செய்யும் காட்சி கண்ணில் வந்து நின்றது. கண் இடப்பக்கத்துத் தாளில், விரல் விசையில். நடுவில் திரை அணைந்துபோனால்கூட அவளுக்குத் தெரியாது. தாளிலிருந்து கண்ணை எடுத்தால் முட்டியில் ஸ்கேலால் அடித்துப் பழக்கிய தட்டச்சுப் பள்ளியில் படித்தவள். அந்த வேலையில் இருக்கும் அத்தனை பேரும் அப்படித்தான். அவர்கள் எந்தத் திருத்தத்தையும் சரியென்று ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கவே இல்லை.

நொட்டை ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். இதை வெளியில போய்ச் சொன்னீங்கன்னா, உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவள் பதில் பேசவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

விசாரணை அறையில் கண்காணிப்பாளருக்கு எதிரே அக்கா கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கடிதம் எழுதி முடித்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. பேனா கையில் இருந்தது. மூச்சு வாங்க உள்ளே நுழைந்த நொட்டை, தான் யார் என்று சொல்லி, எல்லார் எதிரிலும் அக்கா அதே சீட்டை இன்னொரு முறை அடிக்கட்டும் என்று கேட்டாள். கண்காணிப்பாளர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தலையசைத்தார்.

அக்கா தாளை இடப்பக்கம் வைத்தாள். பழக்கம் கைகொடுத்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அக்காவைத் தவிர. மருந்தின் பெயர் சரியாக வந்து விழுந்தது. இடைவெளி விசையைத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் அது வேறு மருந்தானது. அவள் விரல்கள் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நிறுத்தும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

அக்கா அப்போதுதான் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "மறுபடியும் தப்பு பண்ணிட்டேனா சார்?"

நொட்டை அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ பண்ணலக்கா. நான் பண்ணது. அந்த விதி என்னோடது."

அந்த நிமிடமே எல்லாக் கணினிகளிலும் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொன்னார் கண்காணிப்பாளர். அக்காவின் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். நடந்ததை எழுதித் தரும்படி நொட்டையிடம் கேட்டார். எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். தன் வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே நடைவழியில் அக்கா பேசாமலே கூட நடந்தாள். முந்தைய நாளாக இருந்தால், அந்த மௌனத்தையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நொட்டை நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இன்று வழியை மறித்து நின்றாள்.

"கோவமாக்கா?"

பதில் வரும்வரை நகரவில்லை.

"கோவந்தான்," என்றாள் அக்கா, அவள் முகத்தை நேராகப் பார்த்து. "வீட்டுக்கு வா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்."