ஜன்னலில் வைத்த வெங்காயம்

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பயாலஜி மிஸ், செல் பிரிவதைப் புத்தகப் படத்தில் பார்த்தால் போதாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு வேண்டியது ஒரு வெங்காயம். காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளரின் வாயில் நிறுத்தி வைத்தால் சில நாளில் புது வேர் இறங்கும். வேர் நுனியில்தான் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை காலையில் நுனியை வெட்டிக் கொண்டுவந்தால், சாயம் ஏற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் காட்டுவதாகச் சொன்னார்.

அம்மாவிடம் ஒரு பொருளை வாங்க எனக்கு ஒரே சொல் போதும்: பாடத்துக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் அந்தச் சொல்லுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. நானும் அதைக் கொஞ்சம் தாராளமாகவே செலவழித்தேன். ஒருமுறை கிரிக்கெட் பந்துகூடப் பாடத்துக்குத்தான் வாங்கப்பட்டது. வெங்காயம் உடனே கிடைத்தது, அதுவும் கூடையில் இருந்ததிலேயே பெரியது.

டம்ளருக்குள் விழாமல் இருக்கச் சுற்றிலும் பல்குச்சி குத்தச் சொல்லியிருந்தார் மிஸ். எங்கள் வீட்டில் பல்குச்சி என்றொரு பொருள் இருந்ததில்லை. பரீட்சைத் தாளுக்கு வாங்கிய குண்டூசிகள் இருந்தன. அவற்றைக் குத்தினேன். வீட்டில் இருந்த ஒரே ஜன்னலில் டம்ளரை வைத்தேன். அன்று அமாவாசை என்பது எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியும்.

சுரங்க நகரியத்தின் பிளாக்குகளும் குவார்ட்டர்ஸும் பர்மனென்ட் ஆட்களுக்கு. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட். ஆகவே நாங்கள் நகரியத்தை ஒட்டி வெளியே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எந்த ஊர் என்று கேட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டு, அப்புறம் வீடு காலியில்லை என்று சொன்னவர்களை எல்லாம் தாண்டி அப்பா பிடித்த வீடு அது. எங்கள் ஜன்னல் வீட்டுக்கார அம்மாவின் பின்வாசலைப் பார்த்து இருந்தது. அவருடைய மகன் பர்மனென்ட். மருமகள் நெல்லிக்குப்பத்துப் பெண், நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் அந்தப் பின்வாசலில்தான் அக்கா துணி காயப்போடுவார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வெங்காயத்துக்கு நல்ல வெள்ளைத் தாடி முளைத்துவிட்டது. அன்று காலை ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டது.

"யார்ரா இத வச்சது? அமாவாசை அன்னிக்கு, சுத்தி ஊசி குத்திக்கினு, எம் மருமவ நிக்கற எடத்தப் பாத்துக்கினு!"

அம்மா வெளியே ஓடினாள். "பையன் பாடத்துக்கு வச்சதுங்கம்மா."

"எந்தப் பாடத்துல வெங்காயத்துக்கு ஊசி குத்தச் சொல்றாங்க? எம் புள்ளயும் படிச்சவன்தான். எலுமிச்சம்பழத்துல குத்தினா தெரிஞ்சிபூடும்னு இதுல குத்தியிருக்கீங்க. அதான் எங்க வூட்ல ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

காசைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மாசம் முடியறவரிக்கும்கூட வேணாம். இன்னிக்கே வூட்டக் காலி பண்ணுங்க."

பாடத்துக்கு என்ற சொல் செல்லாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்த அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். வெங்காயத்தைப் பார்த்தார், வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார், லுங்கியை இறக்கிவிட்டுக் கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, வூட்டுக்காரம்மாவுக்கு வெளங்கற மாதிரி சொல்லு. இன்னாத்துக்கு வச்ச?" என்றார்.

எனக்குப் பயமே வரவில்லை. கேள்வி கேட்டுவிட்டார்கள், பதில் தெரியும் என்ற சந்தோஷம்தான் வந்தது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அதற்குள் லைன் வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கடைசி வீட்டில் இருந்த கேன்டீன் அண்ணன் பல் துலக்குவதை நிறுத்தாமலே வந்து நின்றார்.

"மைன்ஸ்ல மாதிரியே செல்லுக்கும் ஷிஃப்ட் இருக்குங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல வளரும். செகண்ட் ஷிஃப்ட்ல உள்ள இருக்கற குரோமோசோம் ஒவ்வொண்ணுக்கும் இன்னொண்ணு செஞ்சி ஜோடியாக்கும். நைட் ஷிஃப்ட்ல எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கும். அப்பறந்தான் ரெண்டாப் பிரியும்."

"ஆஃப் எப்போ?" என்றார் கேன்டீன் அண்ணன்.

"அதுக்கு ஆஃபே இல்லண்ணா."

"அப்ப அதுவும் கான்ட்ராக்ட்டுதான்."

சிரிப்பு எழுந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. படம் போட்டுக் காட்டக் கரும்பலகை இல்லை. வாசல்தோறும் செருப்பு இருந்தது. எல்லார் செருப்பையும் அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் ஜோடி ஜோடியாக வரிசை வைத்தேன். வீட்டுக்கார அம்மாவின் செருப்பையும் கேட்டேன். அம்மா பதறிப்போனாள். ஆனால் அவர் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்ட தோரணை அப்படி இருந்திருக்க வேண்டும்.

"இப்பிடி நடுவுல வந்து நிக்கும். ரெண்டு பக்கத்துலருந்தும் நூல் மாதிரி வந்து புடிச்சி இழுக்கும். ஜோடியில ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்."

"என்து பிஞ்ச செருப்பு, பாத்து இழுடா" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

இடது செருப்புகள் எல்லாம் எங்கள் வாசலுக்கும் வலது செருப்புகள் எல்லாம் எதிர்ப்பக்கச் சுவருக்கும் போய்ச் சேர்ந்தன. குரோமோசோம் ஜோடியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். இடமும் வலமுமாக இருக்காது. இன்று என் மாணவன் இப்படி நடத்திக் காட்டினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அன்று அந்த முற்றத்தில் என்னைத் திருத்த ஆளில்லை.

"ரெண்டு பக்கமும் சமமாப் போவணும். ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. இந்த வேர் இப்பிடித்தான் நீளுது. இதுல சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று முடித்தேன்.

அப்போதுதான் பின்வாசலில் ஈரத்துணியோடு நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தார். "தம்பி, பிரியும்போது தப்பாப் போச்சுன்னா?"

அந்த வாரம்தான் மிஸ், செல் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் சோதனைப்புள்ளிகளை நடத்தியிருந்தார். எனக்கென்றே கேட்ட கேள்வி போல இருந்தது.

"மைன்ஸ் கேட்ல செக் பண்ற மாதிரி உள்ளயே செக்கிங் இருக்குக்கா. தப்பு இருந்தா நிறுத்திச் சரிபண்ணப் பாக்கும். முடியலன்னா அதோட நின்னுபூடும். மேல வளராது."

"யாராவது எதனா பண்றதுனால நிக்குதா?"

"யாரும் ஒண்ணும் பண்ண வேணாங்க்கா. வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. உள்ள எண்ணிக்க தப்பாயிட்டா அதுவே நின்னுபூடும்."

அக்கா கொஞ்சம் முன்னால் வந்தார். "கனமா எதனா தூக்கினா? பப்பாளி தின்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெங்காயம் எங்கக்கா பப்பாளி திங்குது?"

எல்லாரும் சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கேன்டீன் அண்ணன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சிரித்தது அக்கா ஒருவர்தான். சத்தமில்லாமல் சிரித்தார், பிறகு கையிலிருந்த ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா போன கதவையே வீட்டுக்கார அம்மா பார்த்தார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்து ஒரு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அந்த ஒற்றைச் செருப்போடு முற்றத்தைக் கடந்து சுவரோரம் போய் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டார். "அத உள்ள எடுத்து வச்சிக்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார். வீட்டைக் காலி பண்ணும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. அப்பா என் தலையில் கைவைத்து ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி படுக்கப் போனார். அம்மா அன்று மத்தியானம் எனக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

செருப்பை வைத்து நான் நடத்திய பாடம் வீட்டைக் காப்பாற்றிவிட்டது என்றுதான் கல்லூரிக்குப் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு வெங்காயத்தப் பத்தியாடா கேட்டுச்சி? அதுக்கு ரெண்டு தடவ கலஞ்சி போயிருந்துது. பப்பாளி தின்னதாலன்னு சொன்னாங்க. தண்ணிக் கொடம் தூக்கினதாலன்னு சொன்னாங்க. அப்பறம் நம்ம வச்ச வெங்காயத்தச் சொன்னாங்க. நீ பேசனதுக்கு அப்பறம் அந்தம்மா கொஞ்ச நாளு வாயத் தொறக்கல."

லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. ஆரம்ப மாதங்களில் தங்காமல் போகும் கருக்களில் பல, குரோமோசோம் ஒன்று கூடியோ குறைந்தோ போனதால் தாமே நின்றுவிடுகின்றன, பப்பாளிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் அதில் பங்கில்லை என்பதை நான் பிறகுதான் படித்தேன். அக்கா அன்று கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். எதற்குச் சொன்னேன் என்பதுதான் அப்போது தெரியாது. இப்போது நானும் பதினொன்றாம் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். அந்த இடம் வரும்போது குரல் தானாகக் கொஞ்சம் மெதுவாகிவிடுகிறது.

அந்தச் செருப்புப் பாடத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. வேர் நுனிகளை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மைக்ராஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால், போன வாரம் நடத்திய சோதனைப்புள்ளி யாருக்கெல்லாம் முழுசாகப் புரிந்தது என்று மிஸ் கேட்டார். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.