‘அ’ கேமராவில் பழுதில்லை

இரண்டு கேமராக்களில் எதை வாங்குவது என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் போய் நின்றேன். மாலைக்குள் என் கையைப் பற்றி ஒன்று தெரிந்துவிட்டது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் நான் முதலில் எதன்மீது பழி போட்டேன் என்பது மறைந்துபோகும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். வேலைக்கு வந்த ஆட்கள், பெய்த மழை, உரம் வைத்த தேதி என்று பகலெல்லாம் எஸ்டேட்டுக்காக எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தபின் எனக்காக ஒரு டைரி. இருபத்திரண்டு வருடங்களில் காப்பி பூத்த தேதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பூத்த மறுநாள் சரிவு முழுவதும் வெளுத்துக் கிடப்பதை ஒவ்வொரு வருடமும் ‘நன்றாகப் பூத்திருந்தது’ என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். எந்த வருடம் எவ்வளவு நன்றாக என்று அந்த வரியைப் படித்து என்னாலேயே சொல்ல முடியாது. ஃபோனில் எடுத்தால் வெள்ளையெல்லாம் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒன்றாகிவிடுகிறது. அதனால் இந்த வருடப் பூவுக்கு முன் ஒரு மிரர்லெஸ், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய கச்சிதமான கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். புதிதாகக் கற்பவர்களுக்கான விலையில் இரண்டு தேறின.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பியிடம் இரண்டுமே இருந்தன. சேலத்துக்காரர். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். புதிது வேண்டுமென்றால் வரவழைத்துத் தருவதாகவும், அதற்கு முன் தன்னுடைய இரண்டையும் எடுத்துப்போய்ப் பார்க்கும்படியும் சொன்னார்.

“ரெண்டு நாள் வெச்சிருந்து பாருங்ணா. ஊரே ஃபோன்ல எடுத்துட்டுப் போகுது. நீங்க ஒருத்தருதான் ஜாதகம் பாக்கற மாதிரி பாக்கறீங்க.”

“வாங்கினா பத்து வருசம் வெச்சிருக்கணும் தம்பி.”

“பத்து வருசமா? இந்த மாடலையே அடுத்த வருசம் நிறுத்திருவான்.”

ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். சிறிய கேமராவுக்கு ‘அ’ என்றும் பெரியதற்கு ‘ஆ’ என்றும் பெயர். எடை, பேட்டரி, திரை மடங்குமா, கண் வைத்துப் பார்க்கும் துளை உண்டா, தூறலைத் தாங்குமா என்று பதினான்கு வரிகள். பதினொன்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘அ’ எடை குறைவு, விலையும் குறைவு. ‘ஆ’-வுக்குள் ஸ்டெபிலைசர் என்று ஒன்று இருந்தது. படம் எடுக்கும்போது கை லேசாக அசைந்தால் அதைச் சரிக்கட்டிவிடுகிற அமைப்பு. ‘அ’-வில் அது இல்லை. அந்த வரிக்கு நேரே ‘எனக்குத் தேவைப்படாது’ என்று எழுதியிருந்தேன்.

என் மனைவி வெள்ளக்கடைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்படி ஒரு நோட்டுப் போட்டீங்களா?”

“இல்லையே.”

“அதானே. கால் மணி நேரத்துல காப்பியக் குடிச்சுப்போட்டு சரின்னுட்டுப் போனீங்க. இந்த டப்பாவுக்கு ரெண்டு நாளாம்.”

காகிதத்தில் இருப்பது போதாது, எடுத்தும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்று இருக்கிறது. அதில் நாள்காட்டித் தாள் ஒன்றைக் குத்திவைத்தேன். அதில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். மரத்திலிருந்து பன்னிரண்டு அடி அளந்து தரையில் ஒரு கல் வைத்தேன். கல்லில் நின்று, சாய்ந்துகொள்ளாமல், ஒவ்வொரு கேமராவிலும் பன்னிரண்டு படங்கள். இரண்டிலும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான் ஒளி உள்ளே போகும்படி வைத்தேன். பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கி, ராகு காலம் எத்தனை மணிக்கு என்று படிக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் தவறு. காலை பத்து மணி. பனி விலகியிருந்தது. காற்று இல்லை.

‘ஆ’-வில் பன்னிரண்டும் படிக்க முடிந்தது. ‘அ’-வில் மூன்றுதான். மற்ற ஒன்பதிலும் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று இழுத்துவிட்டதுபோல் இருந்தன. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பன்னிரண்டு எடுத்தேன். இரண்டுதான் தேறின.

நோட்டில் எழுதினேன்: ‘அ – லென்ஸில் பழுது. வாங்கத்தக்கதல்ல.’ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஸ்டுடியோத் தம்பிக்கு அனுப்பியும் வைத்தேன். மற்றவர்கள் ஏமாறக் கூடாது என்ற எண்ணத்தில்தான் அனுப்பினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் உடனே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. குழப்பம்தான்.

“ஏனுங்ணா, அதுல போன வாரந்தான் குப்பனூர்ல ஒரு நிச்சயதார்த்தம் எடுத்தேன். கத்தி மாதிரி வந்துச்சுங்க. கீழ கீது விழுந்துச்சுங்களா?”

“விழல தம்பி. நான் எதையும் கீழ போடறவன் இல்ல.”

“அப்படின்னா நாளைக்கு சர்வீசுக்கு அனுப்பிப் பாத்தர்றேன். அது எனக்குச் சோறு போடற கேமரா. நல்லவேளை சொன்னீங்க.”

ஃபோனை வைத்தபின் எனக்கு நிம்மதியில்லை. போன வாரம் நன்றாக இருந்தது என்கிறார். கீழே விழவில்லை என்று நான் சொல்கிறேன். இரண்டும் உண்மையானால் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும். எஸ்டேட்டில் மூட்டைக் கணக்கு இடித்தால் முதலில் தராசைச் சோதிக்கிறோம். பிறகு தராசில் நிறுத்தவனைக் கேட்கிறோம். நான் தராசோடு நின்றுவிட்டேன் என்று தோன்றியது.

‘ஆ’-வின் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஸ்டெபிலைசரை வேண்டாமென்றால் அணைத்துவைக்கலாம் என்று அதில் இருந்தது. மூன்று மணிக்கு அதை அணைத்துவிட்டு, அதே கல்லில் நின்று பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூன்றுதான் தேறின.

ஒரு சோதனை பாக்கியிருந்தது. செய்யாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ‘அ’-வைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“இந்தக் கல்லுல நில்லு. அந்தத் தாளைப் பாத்துப் பன்னெண்டு எடு.”

“எனக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியும்?”

“தெரிய வேண்டாம். அந்தப் பொத்தான அழுத்து, போதும்.”

அவள் வாழ்க்கையில் அதுவரை ஒரு கேமராவைத் தொட்டதில்லை. எண்ணி எண்ணி அழுத்தினாள். பன்னிரண்டிலும் ராகு காலம் தெளிவாக இருந்தது. ஏழாவதில் தாளின் ஓரத்தில் ஒரு எறும்பு. அதன் காலைக்கூட எண்ணலாம்.

திரையை அவளிடம் காட்டினேன். அதற்கடுத்து என்னுடையதைக் காட்டினேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, கேமராவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துணி துவைக்கும் மேடைமேல் வைத்தாள்.

“உங்களுக்கு இப்பத்தான் தெரியுதுங்களா?” என்று கேட்டாள்.

“என்ன தெரியுது?” என்றேன்.

“நாலு மாசமா டம்ளர்ல முக்கால் அளவுதான் காப்பி ஊத்தறேன். நீங்க ஒரு நாளும் கேக்கல. சட்டைப் பொத்தான் ஓட்டைய எல்லாம் துளி பெரிசாக்கி வெச்சேன். அதையுங் கேக்கல.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா நோட்டுல எழுதிட்டு எனக்கு ஒண்ணுமில்லம்பீங்க. ரெண்டு தடவ சேலம் போலாம்னு கூப்பிட்டேன். ஆளு வராத நாளு, கணக்கு முடிக்கற நாளுன்னீங்க. கைக்குன்னு சொன்னா பயந்துக்குவீங்கன்னு நானும் அழுத்திக் கேக்கல. நொம்ப நாளு தூங்கலீங்க நான்.”

எந்த மழை எந்த மணிக்கு விட்டது என்று எழுதிவைக்கிறவன் நான். என் டம்ளர் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் பேசப் பேச, மேடைமேல் வைத்திருந்த என் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நிறுத்த நினைத்தால் நின்றது. நினைப்பை விட்டதும் மறுபடி தொடங்கியது.

ஸ்டுடியோத் தம்பியை அன்றே கூப்பிட்டேன். கேமரா மறுநாள் சர்வீசுக்குப் போய்விடக் கூடாது.

“தம்பி, ‘அ’-வுல பழுதில்ல. அனுப்பாதீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“பாத்தீங்களா, நான் சொன்னன்ல. செட்டிங் மாறிருக்குங்ணா. அதுக்கெதுக்கு வருத்தப்படறீங்க?”

“செட்டிங் இல்ல. என் கை ஆடுது.”

அவருக்குப் பின்னால் யாரோ பாஸ்போர்ட் படம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சொன்னார்: “சரிங்ணா. கேமரா அவசரமில்ல, ஊட்லயே இருக்கட்டும். கையப் போய்க் காட்டுங்க முதல்ல.”

புதன்கிழமை லீவு போட்டு இருவரும் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினோம். நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னை நீண்ட வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறது என்றார். ஒரு தாளில் நத்தைச் சுருள்போல் வட்டம் வரையச் சொன்னார். பிறகு ஒரு வரி எழுதச் சொன்னார். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, “முன்னாடியும் இவ்வளவு சின்னதாத்தான் எழுதுவீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

மனைவி பையிலிருந்து இரண்டு டைரிகளை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தையது ஒன்று, இந்த வருடத்தது ஒன்று. அவள் அவற்றை எடுத்து வந்தது எனக்குத் தெரியாது. பழையதில் ஒரு வரிக்கு ஏழு சொற்கள் இருந்தன. புதியதில் பதினொன்று. வருடம் போகப் போக டைரியில் இடம் மிஞ்சுவதை நான் கவனித்திருந்தேன். சுருக்கமாக எழுதப் பழகிவிட்டதாக நினைத்திருந்தேன்.

கேமராவில் இருந்த படங்களையும் காட்டினேன். எந்தப் படம், எத்தனை மணிக்கு, ஸ்டெபிலைசர் இருந்ததா இல்லையா என்ற பட்டியலோடு. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

“கை நடுங்குதுன்னு வர்றவங்க உண்டு. இப்படி அளந்துகிட்டு யாரும் வந்ததில்ல” என்றார். பிறகு தெளிவாகச் சொன்னார். நடுக்குவாதத்தின் தொடக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரைக்குக் கை கேட்கிறதா என்று சில மாதங்கள் பார்த்தால்தான் உறுதியாகும். கேட்டால் நெடுநாள் சமாளிக்கலாம். “எத்தனை வருசம் எழுதலாங்க?” என்று கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். மாதாமாதம் கை எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் தனக்கு உதவும் என்றார்.

திரும்பும் பஸ் ஏழெட்டு வளைவுகள் ஏறியிருந்தது. அவள் கேட்டாள், “எத வாங்கப் போறீங்க?”

“‘அ’ எடை குறைவு. கைக்கு அது நல்லது. ‘ஆ’ ஆட்டத்த மறைச்சிருது. இருக்கறத இல்லாத மாதிரி காட்டறது சரியான்னு யோசிக்கறேன்.”

“ஏனுங்க, நீங்க பூவ எடுக்க வாங்கறீங்களா, கைய எடுக்க வாங்கறீங்களா?”

“ரெண்டுக்குந்தான் வேணும்போல இருக்குது.”

“அப்ப அணைச்சு வெக்கற வசதி இருக்கறதையே வாங்குங்க. பூவுக்குப் போட்டுக்குங்க, கைக்கு அணைச்சுக்குங்க. இதுக்குப் போயி மலை ஏறி முடியற வரைக்கும் யோசிப்பீங்களா?”

‘ஆ’-வைத்தான் வாங்கினேன். நோட்டில் ‘லென்ஸில் பழுது’ என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘எழுதியவன் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். பங்குனியில் முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள் பூத்தது. சரிவை ஸ்டெபிலைசரோடு எடுத்தேன். இதழ் இதழாக வந்திருக்கிறது.

மாதத்தின் முதல் தேதியில் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டுப் பன்னிரண்டு படங்கள் எடுக்கிறேன். முதல் மாதம் நானே எண்ணினேன். ஐந்து தேறியிருந்தது. இரண்டாவது மாதம் கல்லில் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். முழங்கையை விலாவில் இறுக்கி, மூச்சை அடக்கி, இடுப்பை வேலிக்கல்லில் லேசாக முட்டுக்கொடுத்திருந்தேன். ஐந்தை ஆறாக்கப் பார்க்கிறேன். டாக்டரையல்ல, என்னையே ஏமாற்றப் பார்க்கிறேன். அந்தப் படங்களை அழித்துவிட்டு, முந்தின மாத எண்ணை மறக்க முடியாவிட்டாலும் இனி வருவது எதுவும் எனக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அன்றிலிருந்து நான் எடுத்துக் கொடுத்ததும் அவள் கேமராவோடு உள்ளே போய்விடுவாள். பெரிதாக்கிப் பார்த்து, எண்ணி, ஒரு தனி நோட்டில் அவள் கையெழுத்தில் எழுதுவாள். அதை டாக்டரிடம் அவளே காட்டுவாள். என் வீட்டில் நான் படிக்காத நோட்டு அது ஒன்றுதான்.

இன்று முதல் தேதி. காலையில் எடுத்துக் கொடுத்தேன். போன மாதத்தைவிட இம்முறை அவள் நெடுநேரம் உள்ளே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.