மலையிறங்க ஒரு மெத்தை ஷூ

போன ஐப்பசியில், என் மகள் கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்முடி மலைச்சரிவின் காட்டுப் பாதையில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து நான் ஓவென்று அலறிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. திருவனந்தபுரம் சாலை பஜாரில் மொத்த ஜவுளி வியாபாரம். நாலு பேர் மதிக்கிற ஆள். அந்த நாலு பேரும் அப்போது பக்கத்தில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அங்கே போய் உட்கார்ந்ததற்கு என் வாய்தான் காரணம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார், தங்கள் பையன் காடு மலையெல்லாம் முப்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடுவான் என்று பெருமை பேசினார்கள். பெண்ணைப் பெற்றவன் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டியதுதானே? "நானும் ஓடுவேன்" என்றேன். பொய்யில்லை. டாக்டர் மிரட்டியதிலிருந்து ஞாயிறுதோறும் சங்குமுகம் கடற்கரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். முடிந்ததும் இரண்டு மசால் தோசை தின்று, ஓடியதைச் சரிக்கட்டிவிடுவேன். ஆனால் தார் ரோடு வேறு, காடு வேறு என்று நான் விளக்குவதற்குள் மாப்பிள்ளை, "ஐப்பசியில பொன்முடிப் பக்கம் முப்பது கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு இருக்கு மாமா, சேர்ந்து ஓடலாமா?" என்று கேட்டுவிட்டார். சபையில் கேட்டதால் சபையிலேயே தலையாட்டித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "மணையில சம்மணம் போட்டு உக்காந்து பொண்ணத் தாரை வாக்கணும். அதுக்கு மூணு வாரம் முன்னால போயி காலை ஒடிச்சுக்கிட்டு வந்தா என்னங்க செய்யறது?"

நியாயமான கேள்வி. எங்களில் பெண்ணின் தகப்பன் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். கால் கட்டோடு நாற்காலியில் இருந்து செய்யலாமா என்றால், ஐயர் செய்யலாம் என்பார், சொந்தக்காரர்கள் செய்யக்கூடாது என்பார்கள். தகப்பனால் முடியாவிட்டால் சித்தப்பா உட்காரவேண்டும். அந்தச் சித்தப்பா, அதாவது என் தம்பி, செய்தி கேட்ட அன்றே போன் செய்தான். "நீங்க தைரியமா ஓடுங்கண்ணே. எதுன்னாலும் நான் இருக்கேன்." அவன் தைரியம் சொன்ன விதத்திலேயே மணையில் உட்காரும் ஆசை தெரிந்தது. மறுவாரமே தனக்கு ஒரு பட்டு வேட்டியும் வாங்கிவிட்டான். என் கடையிலேயே.

ஆகவே, எனக்கு ஒரே ஒரு பொருள் தேவைப்பட்டது. கால் பிசகாத ஷூ. முப்பது கிலோமீட்டரும் ஆடாமல் நிற்கவேண்டும், கல் குத்தாமல் காக்கவேண்டும். இதை ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதுதான் தாமதம், நாட்டில் இவ்வளவு நிபுணர்களா என்று திகைத்துப்போனேன். அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும் என்றார் ஒருவர். தடிமன் என்றால் கால் உருளும், மெல்லிசுதான் நல்லது என்றார் அடுத்தவர். ஒரு பல் டாக்டர், ஓரளவு பெரிதாக வாங்காவிட்டால் இறக்கத்தில் நகம் போய்விடும் என்று எச்சரித்தார். பல்லைப் பற்றிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இன்னொருவர், மனிதன் வெறுங்காலோடு ஓடப் பிறந்தவன் என்று நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அந்த ஆள் காரைவிட்டு இறங்கி நான் பார்த்ததேயில்லை. வீடியோ பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், அதில் ஒருவன் ஷூவை ரம்பத்தால் இரண்டாக அறுத்து உள்ளே காட்டுகிறான். எனக்கு அது என் கணுக்காலாகவே தெரிந்தது. போனை அணைத்துவிட்டேன்.

கடைசியில் மாப்பிள்ளையே ஷூக் கடைக்குக் கூட வந்தார். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை எடுத்துவைத்தார். ஒன்று அகலமான அடிப்பாகம், விரல் நுனியில் கெட்டி ரப்பர், குதிகாலைச் சுற்றி விறைப்பான அடைப்பு என்று பார்க்க எருமைக் குளம்பு மாதிரி இருந்தது. இன்னொன்று இளநீலம். உயரமான, மெத்தென்ற அடிப்பாகம். அமுக்கினால் அல்வா மாதிரி உள்ளே போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது.

நான் முப்பது வருஷமாகத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தே தரம் சொல்கிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மல் எது, பாப்ளின் எது என்பேன். எங்கள் தொழிலில் விரல் சொன்னால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. விரல் அல்வாவைச் சொன்னது. "இதுதான்" என்றேன்.

மாப்பிள்ளை எருமைக் குளம்பைக் கையில் எடுத்தார். "மாமா, இறக்கத்துக்கு இது கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். கல்யாணத்துக்கு முன்னால், மாமனார் தேர்ந்தெடுத்ததைக் குறைசொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? எனக்கும், இவர் சொல்லி நான் ஷூ வாங்குவதா என்று ஒரு விறைப்பு. "உங்களுக்குப் பிடிச்சா சரிதான் மாமா" என்று எருமைக் குளம்பைக் கீழே வைத்துவிட்டார். மரியாதை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மடையன். அவரில்லை, நான்.

சங்குமுகத்தில் அந்த ஷூவைப் போட்டு ஓடியபோது மேகத்தில் மிதந்தேன். பொன்முடியிலும் முதல் பாதி ஏற்றம். ஏறும்போது எல்லா ஷூவும் நல்ல ஷூதான். எனக்காக மாப்பிள்ளை மெதுவாக ஓடுவது தெரிந்து, "நீங்க முன்னால போங்க மாப்ளே" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தேன். உண்மையில், எனக்கு இரைப்பது அவர் காதில் விழக்கூடாது.

இறக்கம் தொடங்கியதும் என் அல்வா தன் குணத்தைக் காட்டியது. முந்தைய நாள் பெய்த மழையில் பாதை முழுக்க வேரும் உருளைக்கல்லும் துருத்திக்கொண்டு கிடந்தன. கல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஷூவும் அமுங்கும். ஷூ அமுங்கிய பக்கமே கணுக்கால் சாயும். கணுக்கால் சாய்ந்த பக்கமே நான். கட்டிலில் மெத்தைமேல் நின்று ஒட்டடை அடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் அதைச் சரிவில், ஓடிக்கொண்டே செய்தேன். முதல்முறை கால் மடங்கியபோது சிரித்துக்கொண்டேன். இரண்டாம் முறை முருகா என்றேன். மூன்றாம் முறை, உள்ளே ஏதோ வெடுக்கென்றது.

பாறையில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். சாக்ஸ் முழுக்க ரத்தம். எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்று அந்தக் கணமே தீர்மானித்தேன். சாக்ஸை இறக்கிப் பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடினால், பட்டு வேட்டியோடு என் தம்பி மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறான். அலறல் தானாக வந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண்மணி ஓடி வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும். நரைத்த கிராப்பு, கழுத்தில் ஒரு தோர்த்துத் துண்டு, முகத்தில் எரிச்சல். "எந்து பற்றி சேட்டா?" என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டார்.

"எலும்பு! எலும்பு வெளியே வந்துட்டு!"

அவர் குனிந்து சாக்ஸைச் சரேலென்று உருட்டினார். உள்ளே திராட்சைப்பழம் போல உப்பிய ஓர் அட்டை, என் ரத்தத்தைக் குடித்த திருப்தியில் சொக்கிக் கிடந்தது. "இதாணோ உங்க எலும்பு?" என்றார். கோயம்புத்தூரில் பல வருஷம் வேலை பார்த்தவராம். நான் அலறிய மொழியை வைத்தே தமிழுக்கு மாறிவிட்டார். இடுப்புப் பையிலிருந்து உப்பை எடுத்து வைத்ததும் அட்டை விழுந்தது. என் மானமும் கூடவே விழுந்தது.

ஆனால் கணுக்கால் நிஜமாகவே வீங்கிக்கொண்டிருந்தது. எலும்பின் மேல் அங்கங்கே அமுக்கிப் பார்த்தார், எழுந்து நாலடி நடக்கச் சொன்னார். நடந்தேன். "ஒடியல்ல. சுளுக்காக்கும். இனி ஒருக்கா மடங்கினா நான் கேரன்ட்டி தர மாட்டேன்." பிறகு என் ஷூவைக் கழற்றி, துவைத்த துணியைப் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் முறுக்கினார். அது சுருண்டுகொண்டது. தன் காலை என் முன் நீட்டி, "இத முறுக்குங்க பார்ப்போம்" என்றார். முறுக்கினேன். அசையவில்லை. அச்சு அசல் எருமைக் குளம்பு.

"இந்த சாதனம் கடற்கரைக்கு நல்லது. மலைக்கு வேண்டான்னு வீட்ல யாரும் சொல்லலையோ?"

"சொல்ல வந்தாங்க."

"பின்னே?"

"நான் பார்த்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த ஏதோ ஒரு பறவை எழுந்து பறந்தது.

ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருந்த மெத்தை விரிப்பை உருவி எறிந்தார். கால் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. கணுக்காலைச் சுற்றித் தோர்த்தை இறுக்கிக் கட்டி, லேஸை மேலே கடைசி ஓட்டை வரை கோத்து இழுத்தார். ஒரு கம்பை ஒடித்துக் கையில் கொடுத்தார். கும்பிட்டு, போய்விட்டு வாருங்கள் என்றேன். போகவில்லை. அடிவாரத்துக்குக் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அவருடைய ஓட்டம் கணக்கில் வராது. போன வருஷமும் அப்படித்தான் விட்டுப்போனதாம். வழியில் அவரே சொன்னார். இரண்டு மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அது கணுக்காலைவிட வலித்தது.

"நீங்க ஓடுங்கம்மா, நான் மெல்ல வந்துருவேன்."

"மிண்டாதிருக்கணும். வாயை மூடிட்டு கீழ பாத்து காலை வைங்க."

வழிநெடுக ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அங்கே வைக்காதீங்க, வேரை மிதிக்காதீங்க, கம்பை ஊன்றத் தெரியாதா, இந்த வயசுல இந்தத் தொப்பையோட எதுக்கு இந்த வேலை. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு கால் ஒருமுறைகூட மடங்கவில்லை.

பாதி இறங்கியிருப்போம், கீழேயிருந்து மாப்பிள்ளை மூச்சுவாங்க ஏறி வந்தார். அடிவாரத்தில் காத்திருந்து, பயந்து, தேடி வந்திருக்கிறார். மருமகனாகப் போகிறவர் என்று நான் அறிமுகப்படுத்தியதும் அம்மையார் அவர்மேல் பாய்ந்தார். "நீதானோ சொல்ல வந்தது? மாமனார் நோக்கினா வாயடச்சுப் போகுமோ? கல்யாணத்துக்கு இவரு காலில்லாம வந்தா, அந்த மரியாதய என்ன செய்வே?"

மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாமா, கம்பை மத்தக் கையில பிடிங்க. அப்படியில்ல. நான் சொல்றதக் கேளுங்க." இந்தத் தடவை கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தார். நானும் கம்பைக் கை மாற்றினேன்.

என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அந்த அம்மையார் இறங்கி ஓடினார். குறித்த நேரத்துக்குள் எட்டவில்லை. நாங்கள் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். என்னால்தானே போயிற்று என்று நாக்குழற மன்னிப்புக் கேட்டேன்.

"இந்த ஓட்டம் அடுத்த வருஷமும் வரும். உங்க மோளுக்கு அடுத்த கொல்லமும் கல்யாணம் வருமோ?" என்றார். தோர்த்தைத் திருப்பித் தரவேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் எண்ணெய்க் கட்டும் மனைவியின் திட்டும் மாறி மாறி நடந்தன. முகூர்த்தத்தன்று மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடக்கிய கணுக்கால் உயிர்போக வலித்தது. இருந்தாலும் மகளின் கையை நானேதான் பிடித்துக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து, பாசக்காரத் தகப்பன் என்று உறவினர்கள் உச்சுக்கொட்டினார்கள். கால்வாசிதான் பாசம். தம்பி முன்வரிசையில், பட்டு வேட்டியோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்போது மாப்பிள்ளையும் நானும் எதை வாங்கப் போனாலும் கடையிலேயே வாதம் நடக்கிறது. ஷூவோ, மிக்ஸியோ, எதுவானாலும் அவர் முறுக்கிப் பார்க்கிறார், நான் முறைத்துப் பார்க்கிறேன், அவர் அசைவதில்லை. மாமனாரும் மருமகனும் இப்படியா என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அவர் அப்படி என் முகத்துக்கு நேரே நின்று, "தப்பு மாமா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கோபத்துக்கு அடியிலேயே, என் மகளைச் சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறேன் என்ற நிம்மதியும் வருகிறது.