வலது பின் சக்கரம்

அந்தச் சனிக்கிழமை காலை ஜீப்பின் பக்கத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: அப்பா, அக்கா, எங்கள் தாய்மாமனின் மகனான மச்சான். நிற்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜீப்பை வாங்கிய அத்தான், அக்காவின் கணவர். அவர் கட்டாரில் இருந்தார். மற்றவன் நான். செட்டிபாளையத்தில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் ஜீப்பின் வலது பின் சக்கரம் கழற்றப்பட்டுக் கிடந்தபோது, நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு கராஜின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிற வாகனங்களின் குறைகளைக் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரத் தூரம். அவ்வளவு தூரத்தில் இருந்தவன் இங்கே நடந்ததற்கு எப்படிப் பொறுப்பாவான் என்று எனக்கு நானே பல நாள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதம் ஒருநாளும் முடிவுவரை போனதில்லை.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்து டிப்ளோமா எடுத்தேன். அப்பா வாவியில் இறால் பிடிப்பவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் இல்லை. நான் படித்ததில் அவருக்குப் பெருமை இருந்தது. ஆனால் அந்தப் பெருமையைக் கொண்டு அவர் என்னிடம் வாங்கிய வேலை வேறு. பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்க என்னைக் கூப்பிடுவார். தோணியின் இஞ்சின் நின்றுபோனால், தண்ணீர்ப் பம்ப் இழுக்காவிட்டால், அக்காவின் கிரைண்டர் புகை விட்டால் மச்சானைக் கூப்பிடுவார். வாசிக்க நான், கைவைக்க அவன். இரண்டு வருடம் இஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் படித்தவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பது அவர் நினைவுக்கு வந்ததாகவே தெரியவில்லை.

மச்சான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் வளவுக்குள் காலடி வைத்தால் வீட்டுக்கே ஒரு தெம்பு வரும். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் சைக்கிள் படலையில் முட்டும் சத்தத்துக்கே அக்கா தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இஞ்சதான் மாமா" என்பான். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான் பக்கத்தில் போனால், "இஞ்சினியர் ஐயா, வெள்ளச் சட்டையோட தள்ளி நில்லுங்க. எண்ணெ பட்டா சேட்டிபிகட் கெட்டுப் போயிரும்" என்பான். அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். மத்தியானம் குழம்பில் கிடக்கும் மீன்தலை அவனுடைய பீங்கானுக்குப் போகும். எனக்கு மீன்தலை பிடிக்காது. இருந்தும் அது ஒவ்வொரு முறையும் எந்தப் பீங்கானில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தான் அந்த ஜீப்பைக் கொழும்பில் ஒருவர் பாவித்த பிறகு லீசிங்கில் வாங்கினார். அதில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிறேக் கிடையாது. அந்த இடத்தில் விரல் அகலத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தூக்கினால் பின்சக்கரங்களுக்குள் இருந்து 'ஊம்' என்று ஒரு முனகல் வரும், வண்டி நிற்கும். முதல்நாள் அப்பா அதைக் குனிந்து பார்த்து, "இழுக்காம என்னெண்டு மனே நிக்கும்? ஆரு பிடிச்சிக்கிருக்கிற?" என்றார். நான் மோட்டாரைப் பற்றி விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மச்சான், "உள்ளுக்க ஒரு குட்டி ஜப்பான்காரன் இரிக்கான் மாமா. பட்டனத் தட்டினா அவன் சில்லக் கட்டிப் பிடிச்சிருவான்" என்றான். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஜீப்பை ஓட்டியவனும் மச்சான்தான். காலையில் ஐந்து ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போவான். வாவியைக் கடக்க மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறி, அக்கரையில் இறங்கி, பின்னேரம் அதே வழியால் திரும்ப வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கரங்கள் உவர்த்தண்ணீரில் நனையும். ஆசிரியைகள் மாதம் முடியக் கொடுப்பதுதான் லீசிங்குக்குப் போனது. அது இரண்டு மாதம் தவறினால் கம்பனிக்காரர் வண்டியைக் கொண்டுபோய்விடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பயம் எப்போதும் இருந்தது.

ஏழெட்டு மாதம் ஓடியபிறகு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கத் தொடங்கியது. பொத்தானைத் தூக்கினால் வலப்பக்கத்து முனகல் இழுபட்டு, நடுவில் நின்றுவிடும். கியர் கையால் மாற்றும் வண்டி அது. மச்சான் கியரை நியூட்ரலில் விட்டுப் பொத்தானையே நம்பிப் பழகியிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பாதை நடு வாவியில் போகும்போது ஜீப் ஒரு சாண் பின்னுக்கு உருண்டது. அவன் அக்கரை வரும்வரை காலால் பிறேக்கை மிதித்துப் பிடித்தபடியே இருந்தானாம். பாதைக்காரர் சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, "இனி இத ஏத்த மாட்டன் தம்பி. வாவிக்க விழுந்தா ரீச்சர்மாரயும் நான்தான் அள்ளணும்" என்றிருக்கிறார். அன்று பின்னேரம் மூத்த ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமக்குள்ள சரிப்பண்ணுங்க புள்ள. இல்லாட்டி நாங்க வேற வேன் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் காத்திருந்த வாரம். மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தேன். கையடக்கத் தொலைபேசியைவிடக் கொஞ்சம் பெரிது. புதன்கிழமை பின்னேரம் அதை ஜீப்பில் பொருத்திப் பார்த்தேன். வலது பின் மோட்டார் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுப்பதாகக் காட்டியது. அதைப் பார்த்தவுடன் மோட்டாரை மாற்றச் சொல்லுகிறவர்கள்தான் அதிகம். நான் அவசரப்படவில்லை. முதலில் பெட்டரியை அளந்தேன், சரியாக இருந்தது. மோட்டாருக்குப் போகும் வயரின் முனையைக் கழற்றினேன். பச்சை பூத்திருந்தது, சுரண்டித் துடைத்துப் பூட்டினேன், குறை போகவில்லை. பிறகு பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றினேன். இடது பக்கம் சுற்றியது. வலது பக்கம் கனத்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இருக்கும் இரண்டு ஊசிகளும் உவர்த்தண்ணீரில் துருப்பிடித்து இறுகியிருந்தன. பிறேக்கின் உராய்வுக் கட்டையான பட் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து தகட்டுக்கு வந்திருந்தது. பாவம், மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இறுகின சாமானை இழுத்து இழுத்துக் களைத்துப்போயிருந்தது. ஊசிகளைத் துப்புரவாக்கிக் கிரீஸ் போட்டு, புதுப் பட் போட்டால் போதும்.

இதை அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "நல்லம் மனே" என்றார். பிறகு, "மச்சானுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடு. அவன்ட கையும் இரிந்தாத்தான் எனக்கு நெஞ்சுக்குத் தண்ணி" என்றார்.

பட் வெள்ளி இரவு பஸ்ஸில் வந்தது. சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மூன்று மணிக்கு வந்து செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு சேர்ச்சுக்குப் போகிற நாள், அப்பா யாரையும் வேலைசெய்ய விடமாட்டார். ஒரு விசயத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. புதுப் பட் தடிப்பானது. அதற்கு இடம்விடக் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய வண்டியில் கிளாம்ப் வைத்து இறுக்கினால் போய்விடும். இந்த வண்டியில் மோட்டார் சுற்றும் திருகு ஒன்று பிஸ்டனுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். ஸ்கேனரால் கட்டளை கொடுத்து அந்தத் திருகைப் பின்வாங்கச் செய்த பிறகே பிஸ்டனில் கைவைக்கலாம். எல்லோரும் சுற்றிநிற்க, அப்பா பார்த்துக்கொண்டிருக்க, மச்சானும் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் செய்துகாட்டலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணியளவில் மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது.

"டேய் மச்சான், மாமா காலமயே வரச் சொல்லிற்றார். பின்னேரம் காத்து எழும்பினா மண் பறக்குமாம். பட் மாத்திற வேலதானே. இதில விசேசமா ஏதும் இரிக்கா?"

"நீ மாத்தாத பட்டா?" என்றேன்.

அவன் சிரித்தான். "அதில்லடா. படிச்ச ஆக்கள்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுத் தொட்டா நல்லம் எண்டு."

"கஸ்டமர் நிக்கிறார். மறுகா எடுக்கிறன்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். மேசைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. ஸ்கேனர் என் காலடியில் பைக்குள் இருந்தது. வீட்டில் விட்டுவந்தால் அவன் எடுத்து என்ன ஏதென்று பார்ப்பான் என்றுதான் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் உடைக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. பிஸ்டன் உள்ளே போகாமல் அவன் திணற வேண்டும், தெரியவில்லை என்று ஒருதரமாவது அப்பாவின் முன்னால் சொல்ல வேண்டும், மூன்று மணிக்கு நான் வந்து பையைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் ஒரு சாமான் அசையவில்லை என்று விட்டுவிட்டுப் போகிறவன் அவன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் மறுபடி அழைக்காமல் இருந்தேன். பதினொரு மணிக்கு ஒருதரம் போனைக் கையில் எடுத்தேன். இந்நேரம் முடித்திருப்பான், நான் சொல்லாமலே முடித்திருப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்புக் கொடுத்த எரிச்சலில் திரும்ப வைத்துவிட்டேன்.

நடந்ததை அக்காதான் சொன்னாள். ஊசிகளை அவன் அரை மணி நேரத்தில் எடுத்துப் பளபளப்பாக்கிவிட்டான். கிளாம்பை வைத்து இறுக்கியபோது பிஸ்டன் கொஞ்சம் போய் நின்றது. கிளாம்பின் பிடியில் ஒரு பைப்புத் துண்டை மாட்டி, அப்பாவும் சேர்ந்து இழுத்தார்களாம். முருங்கைக்காய் முறிக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். அதன்பிறகு பொத்தானைத் தட்டினால் வலப்பக்கத்தில் மோட்டார் சும்மா சுற்றியது, பற்சக்கரம் உடைந்துபோயிருந்தது.

நான் வந்தபோது அவன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தான். "உடச்சிப்போட்டன்டா" என்றான். அவன் முகத்தில் நான் ஆசைப்பட்டது அப்படியே இருந்தது. அப்பா அவன் தோளில் கைவைத்து, "போகட்டும் மனே, இரும்புதானே. கை ஒண்டும் வெட்டுப்படலயே" என்றார். உடைத்தவனுக்கு அந்தக் கை. எனக்கு நெஞ்சு காய்ந்தது. பையைத் திறந்து ஸ்கேனரை எடுத்துப் பொருத்தினேன். இடது பக்கத்தைக் காட்டிக் கட்டளை கொடுத்தேன். மோட்டார் முனகிப் பின்வாங்கியது. சக்கரத்தையும் கலிப்பரையும் கழற்றி, இரண்டு பெருவிரல்களாலும் பிஸ்டனைத் தள்ளினேன். வெண்ணெய்க்குள் போவது போலப் போனது.

அப்பா பிஸ்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இனி இந்த வண்டில என்ட மகன் சொல்லாம ஆரும் கைவைக்கப்படா" என்றார். பத்து வருடமாகக் கேட்க நினைத்த சொல் அது. மச்சான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவன் ஸ்கேனரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது காலமயும் உன்ட பைக்குள்ளயாடா கிடந்த?" என்றான்.

"ஓம்."

அவன் தலையை ஆட்டினான். கருவியைச் சட்டை நுனியால் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, கிணற்றடிக்குக் கை கழுவப் போனான். அன்று அக்கா எவ்வளவு சொல்லியும் சாப்பிட நிற்கவில்லை.

வேறு கலிப்பர் வந்து சேரப் பத்து நாள் ஆனது. ஆசிரியைகள் வேறு வேன் பிடித்தார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் மச்சானும் கட்டாருக்குப் போய்விட்டான். அத்தான் பார்த்துக்கொடுத்த கராஜ் வேலை. போகிற அன்று பஸ் தரிப்பிடத்தில் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, "மச்சான், அண்டைக்கு நீ கேட்ட நேரம்" என்று தொடங்கினேன். "விடுடா" என்றான். "மாமாக்குத் தெரியாது. தெரிய வேணாம். இனி மனிசன் உன்ன நம்பித்தான் தோணியக் கொண்டு போகணும்."

இப்போது வீட்டில் எது நின்றாலும் அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார். ஜீப்பை நான் பார்க்கிறேன், பம்பை நான் பார்க்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மச்சானுக்கு விடுமுறை. அன்று அப்பா தோணியின் இஞ்சினை இயக்கி, அவனை அழைக்கச் சொல்லி என் போனை வாங்கி இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். அங்கிருந்து அவன், "பிளக்கப் பாருங்க மாமா" என்கிறான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தின நாள் நானும் பிளக் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் சொன்ன பிறகுதான் அப்பா கழற்றுவார். அப்போது அதே பழைய காய்ச்சல் எனக்குள் ஏறுகிறது. எந்த முகத்தோடு ஏறுகிறது என்று கேட்க ஆளில்லை.

பிறேக் பட்டுக்கான பணத்தை அத்தான் அனுப்பியிருந்தார். வேறு கலிப்பர் வந்தபோது அதன் விலைக்கும், அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பஸ் கூலிக்கும், பிறேக் எண்ணெய்க்கும் அக்கா தன் காப்பை அடகுவைக்கிறேன் என்றாள். உடைத்தது நான்தானே என்று மச்சான் விடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்று அவன் அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனது அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.