கயித்தம்மாவுக்கு அரை நாள்

கயித்தம்மாவை அடக்கம் செய்த அன்று தேவாலய வாசலில் அவருடைய அண்ணன் இருந்தார். ஒரே கயிற்றில் அவரோடு மலையேறிய கிழவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நேபாளத்திலிருந்து வந்த இருவர், மேயர், தொலைக்காட்சிக்காரர்கள், ஊர்ச் சனம் எல்லாம் கூடியிருந்தது. ஹோட்டல் சமையற்கட்டிலிருந்து அரைநாள் லீவு கேட்டு ஓடிவந்த நானும் ஓரமாக நின்றேன். இல்லாதவர்கள் எங்கள் ஆட்கள்தான். இலங்கையில் நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் முழுவதும் அங்கே இல்லை. அவர்களுக்குப் பதிலாக என் சட்டைப்பையில் கைத்தொலைபேசி கிடந்தது. அது எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை வெளியே தூக்கி வந்தார்கள். மேலே ஒரு பழைய கயிற்றுச் சுருளும் பனிக்கோடரியும் மட்டும். மணியோசை நின்றது. அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் கை தட்டத் தொடங்கியது. வடக்கு இத்தாலியின் இந்த மலைக் கிராமத்துக்கு வந்தபின் எத்தனையோ விசித்திரங்களுக்குப் பழகிவிட்டேன். நின்றபடியே ஒரு மடக்கில் கோப்பி குடிப்பது, மத்தியானம் கடையை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது, நாய்க்கு மழைச்சட்டை போடுவது எல்லாம் பழகியாயிற்று. சாவு வீட்டில் கைதட்டுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் கன்னமெல்லாம் கண்ணீரோடு, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவரை வரவேற்பதுபோல், உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

உலகத்துக்கு அவர் பெரிய மலையேறி. மிக உயர்ந்த சிகரங்களில் கால் வைத்த பெண். எங்களுக்குக் கயித்தம்மா. நான் சின்னப் பையனாக இருந்தபோது நமுனுகுல ஏற வந்தவர், வழியில் எங்கள் ஓடையைப் பார்த்தார். மழைக்காலத்தில் அந்த ஓடை பெருகினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாதக் கணக்கில் போகாத பிள்ளை பிறகு போகவே போகாது. எங்கள் அப்பா அப்படித்தான் நின்றார், அம்மாவும் அப்படித்தான். கயித்தம்மா அன்றைக்குச் சிகரம் ஏறவில்லை. முதுகுப் பையிலிருந்த கயிற்றை அவிழ்த்து ஓடைக்குக் குறுக்கே கட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் இரும்பு வடத்தோடு வந்து, எங்கள் ஆட்களோடு சேர்ந்து சிமெந்து மூட்டை சுமந்து, தொங்கு பாலம் போட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஒரு மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடம் நின்றதில்லை.

அவரைச் சாமியாக்கிக் கும்பிட்டதாக நினைக்க வேண்டாம். பாலம் முடிந்த அன்று, கொழுந்துக் கூடையைத் தானும் தூக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி, கயிற்றை நெற்றியில் மாட்டி நாலடி நடந்தார். ஐந்தாவது அடியில் கூடையோடு வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். லெச்சுமி அத்தை விடுவாரா?

"ஒலகத்துலேயே ஒசந்த மலையில ஏறுனவங்களாம்! நம்ம கூடைக்கே குந்திட்டாங்களே! எந்திரிங்கம்மா, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை பாத்தா கிலோவுல வெட்டிப்புடுவாரு!"

யாரோ அதை இங்கிலீஷில் சொன்னார்கள். வாய்க்காலில் உட்கார்ந்தபடியே அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை தேடி நான் இந்தக் கிராமத்துக்கு வந்தபிறகும், சமையற்கட்டுக் கதவைத் தட்டி அவர் முதலில் விசாரிப்பது லெச்சுமி அத்தையைத்தான்.

அவர் செத்தது எந்தச் சிகரத்திலும் அல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில். நான் தொலைபேசியில் சொன்னதும் அம்மா ஒரே முடிவாகச் சொன்னார்: "பெட்டி எடுக்குற நேரத்துக்கு நாங்க மலைய விட்டு எறங்கணும்." எங்கள் டிவிஷனில் ஒருவர் செத்தால், பிணம் எடுக்கும் நேரத்தில் யாரும் கொழுந்து பறிப்பதில்லை. தப்புப் பறை அடிக்கும், எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அது சொந்த ஆளுக்குச் செய்யும் மரியாதை. வெளி ஆள் எவருக்கும் இதுவரை செய்ததில்லை.

அம்மா போய்த் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் கேட்டிருக்கிறார். துரை கெட்டவர் அல்ல.

"நல்ல மனுசிதான், நான் இல்லேங்கல. ஆனா தோட்டத்து ஆளா? செக்ரோல் கூலிப் புத்தகத்துல அவங்க பேரு இருக்கா?"

"சிமெந்து மூட்டை தூக்குனப்ப அவங்களுக்கு யாரும் பேரு போடலைங்க தொரை. போட்டிருந்தா இருந்திருக்கும்."

"மத்தியானத்தோட எறங்குனா அரைப் பேருதான் விழும். யோசிச்சுக்க."

அரைப் பேர் என்றால் பாதி நாள் கூலி. அரிசி விற்கும் விலையில் அது சின்ன விஷயம் அல்ல. அடக்கத்துக்கு முந்தின நாள் அம்மா பயந்துபோய்ப் பேசினார்: "யாரையும் நான் வற்புறுத்தல தம்பி. நான் மட்டும் தனியா எறங்கி நின்னா என்ன செய்யிறது? அந்தம்மாவுக்கு அசிங்கமாப் போயிருமே."

தேவாலய வாசலில் கைதட்டல் ஓயுமுன் தொலைபேசி அடித்தது.

"அம்மா, யாராவது எறங்குனாங்களா?"

"யாராவதா? மலையில ஒரு குருவி மிச்சமில்லடா! பாலத்து மேல ஏற எடமில்லாம ரெண்டு கரையிலயும் நிக்கிறோம். ஆமா, அங்க என்ன சத்தம்? சாவு வீட்டுல யாரு கை தட்றது?"

"எல்லாருந்தாம்மா. அழுதுகிட்டேதான் தட்றாங்க."

நான் தமிழில் உரக்கப் பேசுவதைக் கேட்டு அவருடைய அண்ணன் அருகில் வந்தார். தோட்டத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஷோப்பெரோவா?" என்றார். வேலைநிறுத்தத்துக்கு இங்கே அதுதான் சொல். "பாவம். கூலியை எவ்வளவு கூட்டிக் கேட்கிறார்கள்?"

"ஒன்றும் கேட்கவில்லை."

"ஒன்றும் கேட்காமல் யாராவது வேலையை நிறுத்துவார்களா?"

"எங்கள் வீட்டு ஆள் செத்தால் நிறுத்துவோம். உங்கள் தங்கை எங்கள் வீட்டு ஆள்."

அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டுத் தலைக்கு மேல் உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். வேகமாகப் பேசியதால் எனக்குப் பாதி புரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஓடைக்கரையில் தப்பு முழங்கியது. அந்தச் சின்ன ஒலிபெருக்கி கிழிந்துவிடும்போல் இருந்தது. வெள்ளைப் பனிமலைகளுக்கு நடுவே எங்கள் தப்பு! பெட்டியைச் சுமந்தவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களுடைய கால்கள் அந்த அடிக்குத்தான் விழுந்தன. கூட்டம் மறுபடி கை தட்டியது, இந்த முறை தொலைபேசியைப் பார்த்து. "ஒங்களுக்குத்தான் தட்றாங்கம்மா!" என்று நான் கத்தினேன்.

லெச்சுமி அத்தையின் குரல் கேட்டது: "ஏய், இந்தத் தடவ நமக்குடி தட்றாங்க! நாம சும்மா நின்னா நல்லாருக்குமா? தட்டுங்கடி!"

தேயிலைக் கறை ஏறிய எத்தனையோ கைகள் அங்கே தட்டின. இங்கே ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் தப்புக்கு நடந்தார்கள். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா மறுபடி எடுத்தார். துரை சொன்னபடியே எல்லாருக்கும் அரைப் பேர்தான் போட்டாராம்.

"ஒனக்கு?"

"எனக்கும் அரை நாள் சம்பளம் புடிச்சிட்டாங்கம்மா."

"அப்பச் சரி. நீயும் எங்களோட எறங்கி நின்ன மாதிரிதான்."

இருவரும் கணக்கை முடித்தோம்: அங்கே ஆளுக்கு அரைப் பேர், இங்கே எனக்கு அரை நாள்.